கோடை பண்பலை 100.5: நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் காபி, ஊடே மலைவாழை, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அதோடு ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் சின்னக் கடையும் பல வருடம் வைத்திருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்டதும், ஊருக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் இன்றும் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. காலையும் மாலையும் கேட்கிற நேயர், அவ்வளவுதான்.

கோடை பண்பலை என்பது தனியார் நிலையமா?

இல்லை. கொடைக்கானலில் இருந்து ஒலிபரப்பாகும் ஆகாசவாணியின் பண்பலை நிலையம் அது. அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ். ஒலிபரப்பியின் திறன் 10 கிலோவாட். 'அகில இந்திய வானொலி' என்று சொல்லியே பழகியவர்களுக்கு ஒரு தகவல்: 2023 முதல் ஒலிபரப்பில் 'ஆகாசவாணி' என்ற பெயரையே சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. நிலையம் அதேதான்.

ஊர் கொடைக்கானல், நிலையம் 'கோடை'. எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. கோடைமலை என்பது பழைய பெயர். கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவன் ஆண்ட மலையாகச் சங்கப் பாடலிலேயே அது வருகிறது. இந்த மலைதான் அது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். வெயில் காலத்தில் சமவெளிக்காரர்கள் ஏறி வருகிற ஊருக்கு அந்தப் பெயர் வேறு விதத்திலும் பொருந்திப்போகிறது. எப்படியோ, உசிலம்பட்டியிலோ ஒட்டன்சத்திரத்திலோ டீக்கடையில் "கோடையைப் போடுப்பா" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

இந்த நிலையம் எப்போது வந்தது? அதற்கு முன் மலையில் என்ன கேட்டீர்கள்?

இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. எங்கள் மலைக்கு அது வந்து சேரத் தொண்ணூறுகள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டுப் பெட்டி இரண்டு தலைமுறை பார்த்துவிட்டது.

கோடைக்கு முன்பு எங்களுக்குத் திருச்சியும் இலங்கையும்தான். திருச்சி வானொலி 1939-இல் தொடங்கிய நிலையம். மீடியம் வேவ் என்கிற மத்திய அலையில் பகலில் ஓரளவு எடுக்கும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை என் அப்பா தலைமுறை எப்படிக் கேட்டது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை நடிகர்களின் பெயர்களுக்குச் சமமாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் டில்லியில் இருந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் கிட்டத்தட்ட நின்றே போனது. பாட்டு வேண்டும் என்றவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கூட்டம் அந்தப் பக்கம் போனதைப் பார்த்த பிறகுதான் 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்கு ஒலிபரப்பான விவித பாரதி வந்தது.

ஆனால் மத்திய அலைக்கு இடி மின்னல் ஆகாது. மலையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் சாயங்காலமானால் இடிதான். பாட்டில் பாதி கரகரவென்று போகும். முதல் முறை கோடை பண்பலை கேட்டபோது என்னைத் திகைக்க வைத்தது அந்த அமைதிதான். மின்னல் வெட்டுகிறது, பெட்டியில் வயலின் தெளிவாக இழைகிறது. பண்பலையில் ஒலி, அலையின் உயரத்தில் ஏறுவதில்லை. அலைவெண்ணின் ஏற்ற இறக்கத்தில் ஏறுகிறது. மின்னல் கெடுப்பது அலையின் உயரத்தை. அதைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். அது மட்டுமில்லை, மத்திய அலையில் நாலைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வராது. பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். தாளத்தின் சிணுங்கலும் புல்லாங்குழலின் மூச்சும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன.

மலை மேல் இருக்கும் ஒரு நிலையம் மதுரை, திருச்சி, கோவை வரை எப்படி எடுக்கிறது?

உயரம்தான் காரணம். 10 கிலோவாட் என்பது பெரிய சக்தி மாதிரித் தெரியும். கணக்குப் போட்டால் பதின்மூன்று, பதினான்கு வீட்டு மிக்சிகள் சேர்ந்து இழுக்கிற மின்சாரம் அளவுதான். ஆனால் பண்பலை அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைக்கும் வரை போகும். எவ்வளவு உயரத்தில் நின்று அனுப்புகிறோமோ அவ்வளவு தூரம் பார்வை எட்டும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் கட்டினால் 41 கிலோமீட்டர். கொடைக்கானலோ சமவெளியைவிடச் சுமார் 2,000 மீட்டர் மேலே. அதற்குக் கணக்கு 184 கிலோமீட்டர். காகம் பறக்கிற தூரத்தில் மதுரை 80 கிலோமீட்டருக்குள், கோவை நூறை ஒட்டி, திருச்சி 145 கிலோமீட்டர் போல. மூன்றும் உள்ளே வந்துவிடுகின்றன அல்லவா? மலையைக் கடவுளே கட்டிய கோபுரம் என்று என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் சொல்வார். கணக்குப்படியும் அவர் சொன்னது சரி.

டி.வி. காலத்திலும் இதேதான் நடந்தது. மதுரைப் பக்கம் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது நடுத்தர வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, திருச்சிக்கே எடுக்கிறது. மலையிலேயே இருக்கும் எங்கள் வீட்டில் ஏன் இரைகிறது?

என் கடையில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வருத்தத்தோடு கேட்பார்கள். "நம்ம மலை ஸ்டேஷன், நமக்கே எடுக்க மாட்டேங்குதே."

நேர்கோட்டில் போகிற அலைக்கு மேடு என்பது சுவர். கோபுரத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைமுதுகு இருந்தால் அதன் நிழலில் நீங்கள் இருக்கிறீர்கள். மரநிழலில் வெயில் விழாததுபோல, அங்கே அலை விழாது. கொஞ்சம் மேட்டு விளிம்பில் வளைந்து இறங்கும், கொஞ்சம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வருவதும் வளைந்து வருவதும் மோதிக்கொண்டால் அந்த 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்.

வத்தலக்குண்டில் இருந்து பஸ்ஸில் ஏறும்போது இதைக் காதாலேயே பார்க்கலாம். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கும். டிரைவர் ரேடியோ வைத்திருந்தால், ஒரு வளைவில் பாட்டு பளிச்சென்று இருக்கும், பஸ் பாறையின் அந்தப் பக்கம் திரும்பியதும் பல்லவி இரைச்சலில் முங்கும், அடுத்த வளைவில் சரணம் வந்து நிற்கும். டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிரே எலிவால் அருவியைப் பார்க்கிறவர்கள், அப்படியே அலை எந்த மேட்டில் தடுக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடும் ஒரு பள்ளத்தில்தான். அடுப்படியில் எடுக்காது. கிழக்கு ஜன்னல் திட்டில் வைத்தால் எடுக்கும். பெட்டிக்கு அந்தத் திட்டில் இடம் ஒதுக்கி முப்பது வருடம் ஆகப்போகிறது. அங்கே வேறு சாமான் வைத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

இரைச்சலைக் குறைக்க நானே என்ன செய்யலாம்?

முதலில் ஏரியல் குச்சி. 100.5-இல் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். குச்சியை அந்த அளவுக்கு இழுத்து விட்டால் போதும். பலர் பாதி மடக்கியே வைத்திருப்பார்கள். குச்சி உடைந்திருந்தால் அதே நீளத்துக்கு ஒரு சாதாரண ஒயரைக் கட்டி ஜன்னல் கம்பியில் படாமல் தொங்கவிடுங்கள். நேராக, படுக்கையாக, சாய்வாக என்று மாற்றிப் பாருங்கள். பள்ளத்து வீடுகளில் ஒரு முழம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்து, மட்டமான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும். இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் பெட்டிக்குள். மலையில் பனியும் ஈரமும் அதிகம். என்னிடம் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பழுது ஒரே இடத்தில் இருந்தது. குச்சியின் அடியில் ஒரு திருகு, அதிலிருந்து போர்டுக்கு ஒரு மெல்லிய ஒயர். அந்த முனையில் ஈயம் பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். வெளியே பார்த்தால் ஒயர் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். விரலால் லேசாகத் தட்டினால் பாட்டு வரும், கையை எடுத்தால் போய்விடும். சுரண்டி, புது ஈயம் வைத்தால் சரி. பேட்டரி கட்டை உட்காரும் ஸ்பிரிங்கிலும் இதே துரு. அதற்கு உப்புத்தாள் போதும், கடைக்கே வர வேண்டாம். டயல் கயிறு நழுவினால் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அதைக் கப்பியில் திரும்பச் சுற்றுவதற்குள் எனக்கே அரை நாள் போயிருக்கிறது.

என்னென்ன நிகழ்ச்சிகள் வருகின்றன?

விடிகாலை பக்திப் பாடல்கள், பிறகு செய்தி, இடையிடையே வேளாண்மை, உடல்நலம், அரசுத் திட்டங்கள் பற்றிய தகவல்கள். மீதி நேரத்தில் பெரும்பகுதி திரைப்பாடல்கள்தான். அதிலும் பழைய பாடல்களுக்குத்தான் நேயர்கள் அதிகம். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் அட்டவணை எழுதவில்லை. தைப்பூசத்தை ஒட்டி நத்தம், திண்டுக்கல் சாலைகளில் பழனிக்கு நடந்து போகிறவர்களில் சிலர் சட்டைப்பையில் சின்ன ரேடியோவோடு போவதைப் பார்த்திருக்கிறேன். முருகன் பாட்டுக்கு அவர்கள் நடையே மாறும்.

இந்த நிலையம் போடுகிற பாட்டுகளுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டும். டி.எம்.சௌந்தரராஜன் மதுரைக்காரர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் வைரமுத்து வளர்ந்த வடுகபட்டியும் தேனி மாவட்டத்தில், எங்கள் மலையின் தெற்கே, இந்த அலை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாட்டு சென்னையில் பதிவாகியிருக்கும். அதில் வருகிற சொல்லும் தாளமும் இங்கே களத்துமேட்டில் கேட்டவை. கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுகிற பெண்ணுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று இத்தனை பெயர் ஏன்? நேரே பாட்டைப் போட்டால் என்ன?

இந்தக் கேள்வியை என் அக்கா மகன்தான் கேட்டான். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

எட்டாம் வகுப்போடு நின்ற என் அம்மாவுக்கு, முன்னிசை இரண்டு விநாடி கேட்டால் போதும், கே.வி.மகாதேவனா விஸ்வநாதனா என்று சொல்லிவிடுவார். யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் நிதானமாகச் சொன்ன நான்கு பெயர்கள்தான் அவருக்குப் பாடம். ஒரு பாட்டைச் செய்தவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு அதைப் போடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. கேட்கிறவருக்கும் அது மரியாதை, 'உனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை உண்டு' என்று நம்பிச் சொல்வதால். இப்போது போனில் பாட்டு தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது. எழுதியவர் யார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நம்மிடமிருந்து போய்விடக் கூடாது என்று நான் நினைக்கும் பழக்கங்களில் இது முதலாவது.

இன்னொன்று, ஆகாசவாணி அறிவிப்பாளர்கள் இடையிசை ஓடும்போது அதன் மேல் பேச மாட்டார்கள். அந்த வயலினுக்கும் ஒருவர் உழைத்திருக்கிறார்.

நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயர்களை ஏன் இவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள்?

தயவுசெய்து வாசிக்கட்டும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர், நிலக்கோட்டை, ஆண்டிபட்டி. இந்தப் பெயர்கள் வேறு எங்கே ஒலித்தன? செய்தித்தாளில் எங்கள் ஊர் வர வேண்டுமென்றால் பஸ் கவிழ வேண்டும், இல்லை யானை வர வேண்டும். வானொலியில் மட்டும் ஒரு பாட்டைக் கேட்டதற்காக எங்கள் ஊர்ப் பெயர் வந்தது.

ஆரம்ப வருடங்களில் அஞ்சலட்டை 15 பைசா. அம்மா ஒரு அட்டை எழுதினார், அதாவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தோம். வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குழாயடியில் குடத்தோடு நின்றபோது, பக்கத்து வீட்டு மதினி ஓட்டமாக ஓடி வந்தார். "அத்தே, உங்க பேரு ரேடியோவுல!" அம்மா குடத்தைப் போட்டுவிட்டு வருவதற்குள் பெயர் போய்விட்டது, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வரை மதினியிடம் "எப்படிச் சொன்னாங்க, ஊரு பேரையும் சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னார்கள். மதினி அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

விவசாயிகளுக்கு ரேடியோவால் உண்மையில் பயன் உண்டா?

பழைய உதாரணம் ஒன்று போதும். அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சைப் பகுதி விவசாயிகள் அதைக் கேட்டு விதைத்தார்கள். ரகத்தின் பெயரே 'ரேடியோ நெல்' என்று ஆகிப்போனது.

எங்கள் பக்கம் காபிப் பழம் பறிக்கும் நாட்களில் சில்வர் ஓக் கிளையில் ஒரு பெட்டி தொங்கும். பறிக்கிற பெண்கள் பாட்டுக்காகத்தான் வைப்பார்கள். ஆனால் மழை வருமா என்று வானிலை சொல்லும்போது பேச்சு நின்றுவிடும். களத்தில் காய்கிற காபிக்குத் தார்ப்பாய் போடுவதா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது.

தனியார் எஃப்.எம். வந்த பிறகும் ஏன் கோடையைக் கேட்கிறார்கள்?

2000-களின் பிற்பகுதியில் மதுரையில் தனியார் நிலையங்கள் வந்தன. இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள், அதில் தப்பில்லை, துடிப்பாக இருந்தன. ஆனால் அவை நகரத்தைச் சுற்றிய நிலையங்கள். நகரத்தைத் தாண்டினால் அலையும் மங்கும், பேச்சும் நம்மைப் பற்றி இருக்காது. தவிர, தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே தரலாம், அவ்வளவுதான். செய்தி வேண்டும் என்றால் ஆகாசவாணிதான். டில்லியில் இருந்து "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று வந்த குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, செய்தி என்றால் இன்னும் அந்த நிதானம்தான். அவர் 2022-இல் மறைந்த அன்று எங்கள் டீக்கடையில் அரசியல் பேச்சு இல்லை, அவர் உச்சரிப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

நீலகிரியில் எடுக்குமா?

நேர்த்தூரம் 150 கிலோமீட்டருக்குமேல், நடுவே மேடுகள். தெற்குப் பார்த்த சரிவில் வீடு இருந்தால் முயன்று பார்க்கலாம். உதகைக்கு ஆகாசவாணியின் சொந்த நிலையமே இருக்கிறது.

போனில் கேட்கலாமா?

எஃப்.எம். வசதி உள்ள போனில் இயர்போன் ஒயரைச் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயரே ஏரியல். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகாசவாணியின் செயலியில் கேட்கலாம். அதற்கு இணையம் வேண்டும்.

அப்படியென்றால் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் மலையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டது, கரண்ட் கம்பங்கள் விழுந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன்களில் சார்ஜ் தீர்ந்த பிறகு ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள். எல்லோரும் கேட்டது பேட்டரி கட்டை. பரணில் கிடந்த பெட்டிகளையும் கொண்டு வந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துருவைச் சுரண்டிக் கொடுத்தேன். இரண்டு கட்டை போட்டால் வாரக்கணக்கில் பாடுகிற சாமான் அது. குச்சியை வெளியே இழுத்து வைத்தால் போதும், டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

நான் விருப்பப் பாடல் கேட்டு எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

அஞ்சலட்டையே போதும். பாடலின் முதல் வரி, படம், தெரிந்தால் பாடியவர். பட்டியலாகப் பத்துப் பாட்டு எழுதாதீர்கள், ஒன்று எழுதுங்கள். உங்கள் பெயரை இனிஷியலோடு எழுதுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள். 'கொடைக்கானல் தாலுகா' என்று நிறுத்திவிடாமல், உங்கள் தெரு இருக்கிற அந்தச் சின்ன ஊரின் பெயரையே எழுதுங்கள். வாசிக்கிறவர் அதைத்தான் முதலில் தேடுவார்.